உங்களுக்குத் தெரியுமா? சாயத்தண்ணியும் பேனை மையும்

ஆறிப்போன கடுஞ் சாயத்தண்ணியில் துருப்பிடித்த ஆணி ஒன்றைப் போட்டு, இரவு முழுக்க விட்டுப் பாருங்கள். காலையில் கோப்பைக்குள் கருமை படர்ந்திருக்கும்! தேயிலையின் துவர்ப்பு இரும்போடு கூடிப் பிறந்த நிறம் அது. பழைய காலத்து மை பிறந்த வழியும் இதுதான்.

நம் முன்னோர் அதற்குத் தேடியது கடுக்காயை. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு உப்பான அன்னபேதியைக் கலந்தால் நல்ல கருமை வரும். பதுளைக்காரர் இதற்காக வெகுதூரம் போகவேண்டியதில்லை: ஊவாவிலேயே, பிபிலைக்கு அருகே நில்கலக் காட்டில் நெல்லி, தான்றியோடு கடுக்காய் மரங்களும் நிற்கின்றன.

இவ்வகை மை எழுதும்போது வெளிறித் தெரியும். காற்றுப் பட்டதும் கறுத்துத் தாளில் ஊறிவிடும். பிறகு தண்ணீர் பட்டாலும் எளிதில் போகாது. ஆனால் வீட்டில் காய்ச்சியதை ஊற்றுப்பேனைக்குள் விடவே கூடாது. கசடு அடைத்துக்கொள்ளும், அமிலம் உருக்கு நிப்பை அரிக்கும். கடையிலும் ஊற்றுப்பேனைக்கென்றே செய்த மையைக் கேட்டு வாங்குங்கள். சித்திரம் வரையும் இந்தியன் இங்க் வேண்டாம். உள்ளே காய்ந்தால் பேனை போனதுதான். மை மாற்றுமுன் பச்சைத் தண்ணீரில் நிறம் வருவது நிற்கும்வரை கழுவுங்கள். பேனையில் மிஞ்சியதை மைப்போத்தலுக்குத் திருப்பி ஊற்றாதீர்கள், பூஞ்சணம் பிடிக்கும்.