கோடியில் கார், வாசலில் வரி

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பத்து ரூபாயிலும் ஏழு ரூபாய் அரசாங்கத்துக்குப் போகிறது. மிச்சத்தைச் சாலையும் பெட்ரோலும் பழுதும் பங்குபோட்டுக்கொள்கின்றன. கேரள - தமிழக எல்லையில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கலானது.

காட்டாக்கடை சந்திப்பில் சற்று நேரம் நின்றால் போதும். நம்பர் பிளேட்டுகளே அந்த வட்டாரத்தின் பூகோளத்தைச் சொல்லிவிடும். கே.எல். 74 உள்ளூர் வண்டி. கே.எல். 20 நெய்யாற்றின்கரை. கே.எல். 19 பாறசாலை. நடுநடுவே தென்படும் டி.என். 75 மார்த்தாண்டத்து வண்டி. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு போட்டாயிற்றே தவிர, இரு பக்கமும் கொள்வினை கொடுப்பினை நிற்கவில்லை. பாறசாலையில் பெண் எடுத்தவர் குழித்துறையில் இருப்பார். அண்ணன் வீடு கேரளத்தில், தம்பி வீடு தமிழகத்தில். உறவுகள் எல்லையைப் பார்ப்பதில்லை. வாகன வரி பார்க்கிறது.

சாதாரண மாருதி வைத்திருப்பவருக்கு இது சில ஆயிரம் ரூபாய் விவகாரம். வளைகுடாவிலோ ரப்பரிலோ சம்பாதித்த பணத்தில் ஒரு போர்ஷேயோ லம்போர்கினியோ வாங்க நினைப்பவருக்கு லட்சங்களின் விவகாரம். இந்த லட்சங்களை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெரிய மனிதர்கள் பலர் நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள்.

பத்தில் ஏழு

முதலில் கணக்கு. வெளிநாட்டில் முழுதாகத் தயாராகி இந்தியத் துறைமுகத்தில் இறங்கும் ஒரு காரின் மதிப்பு, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து, ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கார்களுக்கு 2025 மத்திய பட்ஜெட்டில் அடிப்படைச் சுங்க வரி 70 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கூடவே 40 சதவீத வேளாண் கட்டமைப்பு வரி வந்து உட்கார்ந்தது. ஆக மொத்தம் 110 சதவீதம். முன்பு இருந்த அதே சுமை. துறைமுகத்திலேயே கார் 2.10 கோடி ஆகிவிடுகிறது.

அதன் மேல் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீதம். அது 84 லட்சம். இப்போது 2.94 கோடி. விற்பனையாளரின் லாபத்தை இன்னும் சேர்க்கவில்லை.

அடுத்தது மாநிலத்தின் முறை. 30 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கார்களுக்குக் கேரளம் 2023-ல் விதித்த சாலை வரி 22 சதவீதம். பில் தொகையின் மீது கணக்கிட்டால் 64.68 லட்சம். கார் வீடு வந்து சேரும்போது விலை ஏறத்தாழ 3.59 கோடி. இதில் வரி மட்டும் 2.58 கோடிக்கு மேல். இது போக, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் பிடிக்கும் ஒரு சதவீத வரி இருக்கிறது. அதை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வாங்கும் அன்று கையிலிருந்து எடுத்துக்கொடுத்தாக வேண்டும்.

எல்லைக்கு அப்பால் நிலைமை என்ன? 2023 நவம்பரில் தமிழகம் வரியை உயர்த்தியபோது 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம் என்றது. அதே பில்லுக்கு 58.80 லட்சம். வித்தியாசம் 5.88 லட்சம் ரூபாய். ஒரு நல்ல சிறிய காரின் விலை. காட்டாக்கடைக்காரருக்கு மார்த்தாண்டத்து மைத்துனரின் முகவரி நினைவுக்கு வருவது இந்த இடத்தில்தான்.

முகவரி என்னும் கண்ணி

சட்டம் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவின்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் வாங்கியாக வேண்டும். பழைய மாநிலத்தின் ஆட்சேபனையின்மைச் சான்று வேண்டும். புதிய மாநிலத்தில் மிச்ச ஆண்டுகளுக்கான வரி கட்ட வேண்டும். பழைய மாநிலத்தில் கட்டிய வரியில் மீதத்தைத் திரும்பக் கேட்டு மனுப்போட வேண்டும். கட்டுவது உடனே, திரும்பி வருவதற்குப் பொறுமை வேண்டும்.

இந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு காலத்தில் புதுச்சேரி கண்கண்ட தெய்வமாக இருந்தது. கோடி ரூபாய் காருக்குக் கேரளத்தில் 20 லட்சம் வரி வந்தபோது, அங்கே ஒன்றிரண்டு லட்சத்தில் வேலை முடிந்தது. கேட்டதெல்லாம் ஒரு முகவரிதான். 2017-ல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாக வெடித்தது. பி.ஒய். எண்ணோடு கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் ஓடிய ஆடம்பர கார்களின் பட்டியலை மோட்டார் வாகனத் துறை எடுத்தது. திரைப்பட நட்சத்திரங்கள் உள்படப் பலருக்கு நோட்டீஸ் போயிற்று. சிலர் மீது போலீஸ் வழக்கும் பதிவாயிற்று. வரியைக் கட்டி ஒதுங்கியவர்களும் உண்டு, நீதிமன்றத்தில் போராடியவர்களும் உண்டு.

வரி ஏய்ப்பு வேறு, பொய் முகவரி வேறு என்பதை அந்த விவகாரம் பலருக்குப் புரியவைத்தது. வரி பாக்கியை வட்டியோடு கட்டித் தீர்க்கலாம். குடியிராத வீட்டுக்கு வாடகை ஒப்பந்தம் தயாரித்தால் அது போலி ஆவணம், குற்றவியல் வழக்கு. மைத்துனரின் முகவரியைக் கடன் கேட்பவர் அவரையும் சேர்த்தே அந்த வழக்குக்குள் இழுக்கிறார்.

2025 செப்டம்பரில் இன்னொரு அத்தியாயம். 'ஆபரேஷன் நும்கோர்' என்ற பெயரில் சுங்கத் துறை கேரளத்தில் பல இடங்களில் சோதனை நடத்தியது. பூட்டானின் சோங்கா மொழியில் நும்கோர் என்றால் வாகனம். பூட்டானிலிருந்து முறைகேடாகக் கொண்டுவரப்பட்டு, வடமாநிலங்களில் பதிவாகி, தெற்கே விற்கப்பட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட பழைய வண்டிகள் கைப்பற்றப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை ஜீப் ரக வண்டிகள். ஆனால் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கும் அதில் பாடம் இருக்கிறது: வாங்கியவருக்குத் தெரியாத குற்றத்துக்கும் வண்டி பறிபோகும்.

நீதிமன்றம் கண்ட கார்கள்

சுங்க வரி கட்டியாயிற்று, இனி மாநிலத்துக்கு எதற்கு நுழைவு வரி? இந்தக் கேள்வியின் கதை கேரளத்தில்தான் சூடு பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்கு மாநில நுழைவு வரி பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பு தந்த தைரியத்தில் தமிழகத்திலும் பலர் வழக்குப் போட்டு, இடைக்கால உத்தரவு பெற்று, காரைப் பதிவு செய்துகொண்டார்கள். 2010-ல் மாசராட்டி ஸ்போர்ட்ஸ் கார் இறக்குமதி செய்த இசையமைப்பாளர் ஹாரிஸ் ஜெயராஜ், 2012-ல் ரோல்ஸ் ராய்ஸ் இறக்குமதி செய்த நடிகர் விஜய், 2015-ல் அதே கார் வாங்கிய நடிகர் தனுஷ் ஆகியோர் அந்த வரிசையில் தெரிந்த முகங்கள்.

கேரள வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. கேரள அரசு எதிர் பாதிரியார் வில்லியம் பெர்னாண்டஸ் என்று அறியப்படும் அந்த வழக்கில், 2017 அக்டோபர் 9-ம் தேதி தீர்ப்பு வந்தது. இறக்குமதிப் பொருளுக்கும் மாநிலம் நுழைவு வரி விதிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், அதற்குள் நுழைவு வரியே ஜி.எஸ்.டி.யில் கரைந்து மூன்று மாதங்கள் ஆகியிருந்தன. வரி போனாலும் பாக்கி போகவில்லை.

2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி விஜய்யின் மனுவைத் தள்ளுபடி செய்து, ஒரு லட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதித்து, கடுமையான வார்த்தைகளும் சொன்னார். அடுத்த மாதம் தனுஷுக்கு 60.66 லட்சம் நுழைவு வரியில் மீதிப் பாதியை 48 மணி நேரத்துக்குள் கட்டச் சொல்லி உத்தரவு. விஜய்யைப் பற்றிய கடும் வார்த்தைகளை 2022 ஜனவரியில் டிவிஷன் பெஞ்ச் நீக்கியது. வரியைத் தாமதமாகக் கட்டியதற்கான அபராதம் 2019 ஜனவரிக்குப் பிந்தைய காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று 2022 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்தது. வாங்கிய கார் பழசாகிவிட்டது. வழக்கு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது.

சச்சின் டெண்டுல்கருக்கும் இந்த அனுபவம் உண்டு. டான் பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களை அவர் சமன் செய்ததற்காக 2002-ல் கிடைத்த பெராரி 360 மொடேனாவை, சில்வர்ஸ்டோனில் மைக்கேல் ஷூமாக்கர் கையால் வாங்கினார். 75 லட்ச ரூபாய் காருக்கு 1.13 கோடி சுங்க வரி. மத்திய அரசு 2003-ல் வரியைத் தள்ளுபடி செய்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. விஷயம் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் வரியைக் கட்டியது ஃபியட் நிறுவனம். பரிசாக வந்த குதிரைக்கும் லாடம் கட்டக் காசு வேண்டும்.

வளைகுடாவின் இடது பக்கம்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில் வளைகுடாவோடு தொடர்பில்லாத குடும்பங்கள் குறைவு. துபாயில் ஓட்டிய காரையே ஊருக்குக் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கேதான் முதல் முட்டுக்கட்டை. அந்த நாடுகளில் ஸ்டீயரிங் இடது பக்கம். இந்திய இறக்குமதி விதி கேட்பது வலது பக்க ஸ்டீயரிங். பழைய கார் என்றால் மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது. மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். வரியோ புதிய காரைவிட அதிகம். விடுமுறைக்காக 'கார்னெ' என்னும் தற்காலிக அனுமதியில், வரி கட்டாமல் கொண்டுவந்து சில மாதம் ஓட்டலாம். கெடு முடிந்ததும் வண்டி கப்பலேறியாக வேண்டும். தவறினால் முழு வரியும் கழுத்துக்கு வரும்.

ஹம்ப்பும் பெட்ரோலும்

வரியெல்லாம் கட்டிக் கார் வாசலுக்கு வந்துவிட்டது. இனி ஓட்ட வேண்டும். முக்கோலையிலிருந்து எல்லையோரக் காரோடு வரை 16 கிலோமீட்டர் கான்கிரீட் நெடுஞ்சாலை, ஆசை தீர ஓடத் தகுந்தது. ஆனால் நெடுஞ்சாலையில் யாரும் குடியிருப்பதில்லை. காட்டாக்கடையிலிருந்து நெய்யாறு அணைக்கோ நெய்யாற்றின்கரைக்கோ போகும் சாலைகள் மேடும் வளைவுமானவை. எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் வரும். வாழைக்குலை ஏற்றிய ஆட்டோ முன்னால் போகும்.

ஸ்போர்ட்ஸ் காரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்று சென்டிமீட்டர். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி ஹம்ப்பின் உயரம் பத்து சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். அப்படிச் சாய்வாக இருந்தால் கார் தப்பிக்கும். ஊர்க்காரர்கள் பள்ளிக்கூடத்து வாசலில் போட்டுக்கொள்ளும் ஹம்ப் செங்குத்தாக நிற்கும். பிள்ளைகளின் உயிரைக் காப்பதற்காகப் போட்ட மேடு அது. குறை சொல்ல முடியாது. காரின் மூக்கைச் சில சென்டிமீட்டர் தூக்கும் பொத்தான் உள்ள கார்கள் உண்டு. அந்தப் பொத்தானுக்கும் தனி விலை.

பெட்ரோல் இன்னொரு கவலை. சாதாரண பங்க்கில் முன்பு கிடைத்தது 91 ஆக்டேன். இந்த எஞ்சின்கள் கேட்பது 95 அல்லது அதற்கு மேல். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகம் செய்தது. அது எல்லா ஊரிலும் கிடைக்காது. நாடெங்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய வெளிநாட்டு கார்களின் ரப்பர் குழாய்களையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் பாட்டரி இறங்கும், டயர் தட்டையாகும். தென்மேற்குப் பருவமழையும் கடல் காற்றும் தம் பங்குக்கு வேலை செய்யும்.

பழுது பார்க்க போர்ஷேக்குக் கொச்சி இருக்கிறது. லம்போர்கினி என்றால் பெங்களூர் போக வேண்டும். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல், லாரி முதுகில்.

சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டும் ஆசைக்கும் தடை உண்டு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வேகம் காட்டலாம் என்றால், 2023 ஜூனில் அபராதம் விதிக்கத் தொடங்கிய 726 கேமராக்கள் கேரளச் சாலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரும் ஊர்ச் சாலையில் ஆட்டோவின் பின்னால்தான் போக வேண்டும்.

இரண்டாம் கை

காப்பீட்டில் மூன்றாம் நபர் பாதுகாப்புக்கு மட்டும் எல்லோரும் சமம். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் 2022 ஜூன் முதல் ஆண்டுக்கு 7,897 ரூபாய். சொந்தக் கார் சேதத்துக்கான பிரீமியம்தான் காரின் மதிப்புக்கேற்ப ஏறுகிறது. அந்த மதிப்போ காப்பீட்டு அட்டவணைப்படி ஓராண்டு முடிந்ததும் 20 சதவீதமும், ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதமும் கழிந்துவிடும். கட்டிய வரியும் அதோடு சேர்ந்து கரைகிறது.

முதல் உரிமையாளரின் இந்த நஷ்டம்தான் இரண்டாம் உரிமையாளரின் ஆசை. மும்பையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பாதி விலைக்குக் கார் வருகிறது. வாங்குமுன் பார்க்க வேண்டியவை: கடன் அடமானம் நீங்கியிருக்கிறதா, நிலுவை அபராதம் உண்டா, சுங்க ஆவணத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றா, முதல் பதிவு எந்த முகவரியில், பழைய வரி வழக்கு ஏதும் பாக்கியா. விற்பவர் இதைக் காட்டத் தயங்கினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அதிகம்தான்.

நிலைமை மாறுமா? 2025 ஜூலை 24-ம் தேதி கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட கார்களுக்குச் சுங்க வரியைப் படிப்படியாகப் பத்து சதவீதம் வரை குறைக்க வழிசெய்கிறது. துறைமுகத்தில் விலை இறங்கலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இறங்கும் அறிகுறி இல்லை. சாலை வரி மாநிலங்களுக்குச் சொந்த வருமானம். ஜி.எஸ்.டி.க்குப் பிறகு அவற்றின் கையில் எஞ்சியிருக்கும் சிலவற்றில் அதுவும் ஒன்று.

அமரவிளையில் ஒரு காலத்தில் வணிக வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசையில் நிற்கும். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிசை போயிற்று. களியக்காவிளையில் எந்த மாநிலம் எங்கே முடிகிறது என்பது கடைப் பலகைகளின் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிகிறது. கோடி ரூபாய் காருக்கு மட்டும் அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. அதைத் தாண்ட 5.88 லட்சம், தாண்டியதாகப் பொய் சொன்னால் அதைவிட அதிகம்.