நேர்முகமும் திரைமுகமும்

ஒருவர் கற்ற கல்வி பிறர்க்குப் புலனாக வேண்டுமாயின், அதனை எடுத்துரைக்கும் துணிவு அவர்க்கு வேண்டும். நூல் பல கற்றும் அவையில் பேச அஞ்சுவோர் எக்காலத்தும் உண்டு. இதனை உணர்ந்தே திருவள்ளுவர், அவையறிதல் என ஓர் அதிகாரமும், அதனை அடுத்து அவையஞ்சாமை என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். இக்காலத்து இளைஞர் பலர் முதன்முதலாகக் காணும் அவை, வேலைக்குரிய நேர்முகத் தேர்வே ஆகும். அவ்வவை இன்று இருவகையாக அமைகின்றது. தேர்வுக் குழுவினரும் தேர்வரும் ஓர் அறையில் எதிரெதிரே அமர்ந்து பேசுவது ஒருவகை. இருசாராரும் வெவ்வேறு இடங்களில் இருந்தவாறே, இணையத்தின் வாயிலாகத் திரையில் கண்டு பேசுவது மற்றொரு வகை. இவ்விரண்டிலும் தேர்வரின் உள்ளம் இயங்கும் முறை, வேலை நாடிச் செல்லவிருக்கும் மாணவர் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

நேரில் நிகழும் தேர்வில், அச்சம் அறைக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகின்றது. தாழ்வாரத்தில் வரிசையாக இட்ட நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் தேர்வர், அங்குள்ள பிறர் எல்லோரும் தம்மினும் கற்றவர் என்றும் துணிவுடையவர் என்றும் எண்ணி மயங்குகின்றார். தம் பெயர் அழைக்கப்படும் நேரம் நெருங்க நெருங்க, அவர் நெஞ்சு படபடக்கின்றது, நா வறள்கின்றது, உள்ளங்கை வியர்க்கின்றது. இவை கோழைமையின் அடையாளங்கள் அல்ல. இடர் நேருங்கால் உடல் தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டு அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கின்றது; இதயம் விரைந்து துடிக்கின்றது. தேர்வையும் ஓர் இடராகவே உடல் கருதிவிடுகின்றது.

எனினும், அறைக்குள் சென்று அமர்ந்த சிறிது நேரத்தில் பலர்க்கும் இவ்வச்சம் தணிகின்றது. குழுவினருள் ஒருவர் புன்முறுவல் பூக்கின்றார். மற்றொருவர் விடையைக் கேட்டுத் தலையசைக்கின்றார். தேர்வரின் சொல் தம்மை எட்டியது என்பதை இச்சிறு அசைவுகள் வாய் திறவாமலே உரைக்கின்றன. நேர்முகத் தேர்வில் அச்சத்திற்குக் காரணமான மனிதரே, அதனை ஆற்றும் மருந்தாகவும் அமைகின்றனர்.

கி.பி. 2020-ஆம் ஆண்டில் கொரோனா என்னும் பெருந்தொற்று உலகெங்கும் பரவியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் முதல் இந்திய நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகளில் நேரில் நடைபெற்றுவந்த வேலைவாய்ப்புத் தேர்வுகள் பல திரைக்கு மாறின. மத்தியப் பணியாளர் தேர்வாணையமோ, குடிமைப் பணிகளுக்கான ஆளுமைத் தேர்வை இடையில் நிறுத்தி, சூலைத் திங்கள் 20-ஆம் நாள் முதல் தில்லியில் நேரிலேயே மீண்டும் நடத்தியது. இரயில் போக்குவரத்து முழுமையாகத் தொடங்காத காலமாதலின், தேர்வர்களின் வானூர்திப் பயணச் செலவையும் அது வழங்கியது. நோய்க்காலம் தணிந்த பின்னரும் திரைவழித் தேர்வு மறையவில்லை. இருவகையும் அருகருகே நிலைபெற்றுவிட்டன.

பழகிய வீடு, பயணச் செலவு இல்லை, தாழ்வாரத்தில் காத்திருக்கும் போட்டியாளரும் இல்லை. ஆதலின் திரைவழித் தேர்வில் அச்சம் குறையும் என எண்ணுதல் இயல்பே. சிலர்க்கு அவ்வாறே குறைகின்றது. ஆயினும், வேறு பலர்க்குப் புதிய கலக்கங்கள் தோன்றுகின்றன. அவற்றுக்குரிய காரணங்கள் மூன்று.

முதலாவது, கண்ணோடு கண் நோக்க இயலாமை. கணினியில் கேமரா பெரும்பாலும் திரையின் மேல்விளிம்பில் அமைந்துள்ளது. திரையில் தோன்றும் முகத்தைத் தேர்வர் நோக்கினால், அவர் பார்வை தாழ்ந்திருப்பதாகவே மறுபக்கத்தார்க்குத் தோன்றும். கேமராவை நோக்கினாலோ, எதிரிலுள்ளார் முகக்குறிப்பை அவர் காண இயலாது.

இரண்டாவது, ஒலியின் காலத்தாழ்வு. உலகின் பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று, வினா முடிவதற்கும் விடை தொடங்குவதற்கும் இடைப்பட்ட நேரம் சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கே என்று காட்டியது. இத்துணை நுண்ணிய தாளத்தில் இயங்கும் பேச்சு, இணையத்தின் சிறு தாமதத்தாலும் குலைகின்றது. செருமானிய ஆய்வாளர் சிலர் தொலைபேசி உரையாடலில் தாமதத்தைப் புகுத்தி ஆராய்ந்து, 2014-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். தாமதம் கருவியினுடையதாக இருந்தும், மறுமுனையில் பேசியவரே கவனமற்றவர் என மக்கள் கருதியதை அவர்கள் கண்டனர்.

மூன்றாவது, தன் முகத்தைத் தானே கண்டுகொண்டிருத்தல். அமெரிக்காவின் சுடான்போர்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் செரமி பெய்லன்சன், 2021-ஆம் ஆண்டில் காணொலிச் சந்திப்புகளால் விளையும் சோர்வுக்குரிய காரணங்களை ஆராய்ந்து எழுதினார். அவற்றுள் இதுவும் ஒன்று. கையில் கண்ணாடியை ஏந்தியவாறே ஒருவர் பிறரோடு பேசினால், அவர் கருத்துப் பொருளில் நிற்குமா? தலைமுடி கலைந்ததோ, முகம் வாடியதோ என்னும் ஐயமே அவரை அலைக்கழிக்கும் அன்றோ?

இங்ஙனம் கருவியால் விளையும் குறையைத் தேர்வர் தம் குறையாக எண்ணிவிடுகின்றார். விடை கூறி முடித்தபின் ஒரு நொடி அமைதி நிலவினால், தம் விடை பிழையாயிற்று என்று நடுங்குகின்றார். உண்மையில் அவ்வமைதி கம்பியிலும் காற்றிலும் நேர்ந்த தாமதமாக இருக்கக்கூடும். இதனை அறிந்தவர் அஞ்சார். அறியாதவர் அடுத்த விடையிலும் தடுமாறுவர்.

திரைவழித் தேர்வு எல்லோர்க்கும் ஒருபடித்தானதும் அன்று. தனியறையும் விரைவான இணைய இணைப்பும் உடைய வீட்டிலிருந்து பேசுவார் நிலை வேறு. ஒரே அறையில் குடும்பத்தார் அனைவரும் வாழ, ஒரே கைப்பேசியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டிலிருந்து பேசுவார் நிலை வேறு. பின்னவர்க்கு இணைப்பு அறுந்துவிடுமோ என்னும் கவலை, வினாக்களைப் பற்றிய கவலையினும் பெரிதாகின்றது. ஆகவே, இணைப்பின் குறையைத் தேர்வரின் தகுதிக்குறையாகக் கொள்ளாமை தேர்வுக் குழுவினரின் கடமையாகும்.

தேர்வர் செய்யத் தக்கனவும் உண்டு. கருவியையும் ஒலியையும் முன்னாளிலேயே சோதித்தல் வேண்டும். நூல்களை அடுக்கி அவற்றின்மேல் கருவியை வைத்துக் கேமராவைக் கண் மட்டத்திற்கு உயர்த்தலாம். தம் உருவம் தோன்றும் பகுதியை மறைத்துக்கொள்ளலாம். வினா முடிந்தபின் சிறிது பொறுத்து விடை தொடங்கலாம். ஒலி தடைப்படின், வினாவை மீண்டும் கூறுமாறு பணிவுடன் கேட்கலாம். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. ஆர்வர்டு வணிகப் பள்ளியைச் சார்ந்த ஆலிசன் வுட் புரூக்சு, 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. மேடையேறுமுன் தம் படபடப்பை அடக்க முயன்றோரைக் காட்டிலும், அதனையே ஊக்கமாகக் கருதிக்கொண்டோர் சிறப்பாகப் பேசினர் என்பது அதன் முடிபு. இம்முறை அறைக்கும் பொருந்தும், திரைக்கும் பொருந்தும்.

அஞ்சாமை பிறவியிலேயே சிலர்க்கு மட்டும் வாய்த்த வரம் அன்று. தாம் அஞ்சுவது எதனை என்று ஆராய்ந்து அறிதலாலும், ஆசிரியர் முன்னும் நண்பர் முன்னும் பலமுறை பேசிப் பழகுதலாலும் அது வளர்கின்றது. அங்ஙனம் பழகியவர்க்கு நேர்முகமும் திரைமுகமும் ஒன்றே. இரண்டிலும் அவர் கல்வி விளங்கித் தோன்றும்.