ஆயில் பால் டீ நிறத்துக்கு மாறினால்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் படகெடுக்கும் டிரைவர்களே, சாவியைத் திருப்புமுன் ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் டீ போல வெளுத்திருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அன்று ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் இன்னும் மோசம்: தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

பல டீசல் இன்ஜின்களில் கூலன்ட் லைனரைச் சுற்றியே ஓடும். அது சம்ப்புக்குள் இறங்காமல் லைனரின் அடியில் காவல் நிற்பவை சில ரப்பர் ஓரிங்குகள். ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ரப்பர் இறுகிப்போகும். ஹெட் கேஸ்கெட்டும் அப்படித்தான் போகும். எது போனது என்று பிரித்தறியலாம். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் டேங்கில் விடாமல் குமிழி வந்தால், கேஸ்கெட்டையோ ஹெட்டில் விரிசலையோ சந்தேகியுங்கள். மூடியைச் சூட்டோடு திறந்துவிடாதீர்கள், முகம் வெந்துபோகும். ஓரிங்கைச் சோதிக்க, ஆறிய இன்ஜினின் சம்ப்பைக் கழற்றி, கூலன்ட் டேங்க் மூடியில் குறித்த அழுத்தத்துக்கு மேல் போகாமல் கூலன்ட் பக்கம் கைப்பம்பால் காற்றேற்றி, கீழிருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சொட்டும் லைனர் தன்னையே காட்டிக்கொடுக்கும். ஆயில் கூலரையும் சோதிக்காமல் விட்டுவிடக் கூடாது.

சூடேறியதன் காரணத்தைத் தேடாமல் ஓரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு. கடல்நீர் பம்பின் இம்பெல்லர் தேய்ந்திருந்தாலோ, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களை உப்பும் சிப்பியும் அடைத்திருந்தாலோ, புது ஓரிங்கும் அதே கதிக்குத்தான் வரும்.

இத்தனையும் மீறி மன்னார் வளைகுடாவில் இன்ஜின் நின்றுபோனால், படகைக் காற்றும் நீரோட்டமும் எல்லைக்கு அப்பால் இழுத்துப் போகலாம். உடனே கடலோரக் காவல்படையை 1554 எண்ணில் அழையுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கழற்றி மாட்டிய இன்ஜின், முதல் ஓட்டத்திலேயே தண்ணீரைக் குடித்தால் யாரைக் கேட்பது? “இது தொழில் படகு, நுகர்வோர் சட்டம் செல்லாது” என்று ஒர்க் ஷாப்பில் சொன்னால் அதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். தன் பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. பல படகுகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு அந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

குறையுள்ள பாகம், குறையுள்ள பழுதுபார்ப்பு இரண்டுக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை. முதலில் வழி கேட்க 1915 எண் இருக்கிறது.

வழக்கு நிற்பது சாட்சியத்தில். இன்ஜினைப் பிரிக்குமுன் இருதரப்பும் பார்க்க வீடியோ எடுங்கள். கொஞ்சம் ஆயிலைப் பாட்டிலில் பிடித்து மூடி வையுங்கள். பில்லில் இன்ஜின் எண் இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய ஓரிங்கைக் குப்பையில் போட விடாமல், தேதி எழுதிய பையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.