இன்ஜின் உறுமியும் ஜெட் ஸ்கீ பாயாதது ஏன்?
ஜெட் ஸ்கீயின் விசையை அழுத்துகிறோம். இன்ஜின் சுழற்சி எகிறுகிறது. வேகம் மட்டும் ஏறவில்லை. ஏன்?

வண்டியைத் தள்ளுவது அதன் அடியில் உள்ள பம்பு. உள்ளே சுழலும் இம்பெல்லர் தண்ணீரை இழுத்து, பின்புறக் குறுகிய வாய் வழியே பீய்ச்சுகிறது. தண்ணீர் பின்னே பாய, வண்டி முன்னே பாய்கிறது.

இம்பெல்லருக்கும் அதைச் சுற்றியுள்ள தேய்மான வளையத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். மணலும் கூழாங்கல்லும் புகுந்தால் வளையம் தேயும். இம்பெல்லரின் இலை நுனி மழுங்கும். அகன்ற இடுக்கு வழியே தண்ணீர் திரும்பக் கசிய, உந்துவிசை வீணாகும். இலையருகே அழுத்தம் மிகத் தாழ்ந்தால், தண்ணீர் சூடேறாமலே கொதித்துக் குமிழாகும். குமிழ்கள் நொறுங்கும் அதிர்ச்சியில் உலோகத்தில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழும்.

எப்படிக் கண்டறிவது? இன்ஜினை அணைத்து, பாதுகாப்புக் கயிற்றைக் கழற்றிய பிறகே கை வையுங்கள். முதலில், பம்பில் கயிறோ பாசியோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இதே அறிகுறியைத்தான் காட்டும். பிறகு டார்ச் அடித்து இலை விளிம்புகளையும் வளையத்தின் கீறல்களையும் கவனியுங்கள். ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து, கையேட்டின் வரம்போடு ஒப்பிடுங்கள். அதிர்வும் சேர்ந்திருந்தால் இலை வளைந்திருக்கலாம். வளையம் மட்டும் தேய்ந்திருந்தால், அதை மாற்றினாலே பழைய பாய்ச்சல் திரும்பிவிடும்.