வேளாவும் புழுக்காளானும்

குரும்பலூரில் நின்று பார்ப்பவர்க்குக் கடலும் தோன்றாது, பனிமலையும் தோன்றாது. ஆயினும் நம் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் ஓடைகளில் சுறாவின் பற்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகட்கு முன் அங்கே கடல் இருந்தது. கடல் விலகிற்று; அவ்வுயிர்கள் ஒழிந்தன. அவ்வழிவுக்கு மனிதன் பொறுப்பல்லன். இன்று அழிந்துவரும் இரண்டு உயிர்களுக்கோ அவனே பொறுப்பாவான்.

அவற்றுள் ஒன்று வேளா மீன். சுறாவைப்போல் நீண்ட உடலுடையதாயினும், செவுள்வாய்கள் அடிப்பக்கத்தில் இருத்தலின் இதனைத் திருக்கை இனத்தோடு சேர்ப்பர் அறிஞர். இதன் மூக்கு, இருபுறமும் பல் பொருந்திய வாள்போல் நீண்டிருக்கும். கலங்கல் நீரில் இரை அசையும்போது எழும் நுண்ணிய மின்னாற்றலை அவ்வாள் உணரும். உணர்ந்து வீசி வீழ்த்தும். காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அக்கொம்பு வேளாவின் வாளே என்பது என் கருத்து. வழிபாடு பெற்ற அவ்வாளே இன்று அதற்குக் கூற்றாயிற்று. வேறு மீனுக்கு விரித்த வலையில் அதன் பற்கள் சிக்கிக்கொள்கின்றன, மீள வழியில்லை. ஓர் ஈற்றில் சில குட்டிகளே ஈனுதலின், இழந்ததை ஈடுசெய்தலும் அரிது. 2001-ஆம் ஆண்டு முதல் இந்தியச் சட்டம் இதனைப் பிடித்தலைத் தடுத்துள்ளது. ஆயினும் வலைக்குச் சட்டம் தெரியுமோ?

மற்றொன்று இமயத்துப் புழுக்காளான். உத்தரகண்ட மக்கள் இதனைக் ‘கீடா ஜடி’ என்பர். 3,000 மீட்டருக்கு மேற்பட்ட புல்வெளிகளில், மண்ணுக்குள் வேரைத் தின்னும் அந்துப்பூச்சிப் புழுவை இது பற்றும். உள்ளே பரவிக் கொல்லும். பனி உருகுங்கால் புழுவின் தலையினின்று சிறு குச்சிபோல் வெளிப்படும். சீன மருத்துவத்தில் இதற்குள்ள மதிப்பால் இதன் விலை பொன்விலையையும் விஞ்சியதுண்டு. மலைக்குடும்பங்கள் பல ஆண்டுச் செலவிற்கு இதனையே நம்பியுள்ளன; அவர்களைப் பழித்தல் எளிது, முறையன்று. இளங்காளானுக்கே விலை மிகுதி. ஆகவே வித்துத்தூளைச் சிந்துமுன்னரே பறித்துவிடுகின்றனர். பதினைந்து ஆண்டுகளில் இது 30 விழுக்காடேனும் குறைந்துவிட்டதெனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2020-இல் கணித்தது. வேளாவின் நிலை இதனினும் கொடிது.

காளான், மக்கள் தேடுவதால் அழிகின்றது. வேளா பெரும்பாலும் தேடாமலே அழிகின்றது. காளானைக் காக்கச் சில நாள் பொறுத்து, ஒரு பகுதியை முற்றவிட்டுப் பறித்தல் வேண்டும். வேளாவைக் காக்கவோ, மீனவர் தம் வலையையே அறுத்தல் வேண்டும். அவ்விழப்பை யார் ஈடுசெய்வர்? மராட்டிய மாநிலத்தில், காக்கப்பட்ட கடலுயிரை விடுவிக்க வலையை அறுப்போர்க்கு 25,000 ரூபாய் வரை அளிக்கும் திட்டம் 2018-இல் தொடங்கப்பெற்றது.