பழைய எண்ணைத் தேடிய பூட்டு

கடந்த பல்கலைக்கழக விடுமுறையில் ஒரு தரவு மையத்தில் வேலைப்பயிற்சி மேற்கொண்டேன். மூன்றாவது வாரம், சோதனைக்கான சர்வர் ஒன்றில் பழுதான இணைப்பு அட்டையை மாற்றினோம். மீண்டும் இயக்கியபோது, சர்வருக்குத் தன் தரவு வட்டுகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை. தரவு அழிந்துவிட்டதோ என்று பதறினேன்.

உண்மையில் அந்த வட்டுகள் சர்வருக்குள் இல்லை. பல சர்வர்கள் ஃபைபர் கேபிள், சுவிட்ச் வழியாக ஒரு பொதுச் சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. சேமிப்பக வலையமைப்பு, சுருக்கமாக ‘சான்’ என்பார்கள். முக்கியச் சர்வர்களுக்கு இரண்டு அட்டைகள், இரண்டு பாதைகள் இருக்கும். இதற்கு ஒன்றுதான்.

“கடைசிக் கதவில் போய்த் தட்டாதே தம்பி, வாசலிலிருந்து வா,” என்றார் எனக்குப் பயிற்சியளித்த அண்ணன்.

முதலில் கேபிளைப் பார்த்தோம். சுவிட்சில் விளக்கு எரிந்தது. அடுத்து, சர்வர் சுவிட்சில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்தோம். பதிவாகியிருந்தது, ஆனால் வேறு எண்ணில்! இத்தகைய ஒவ்வோர் அட்டைக்கும் எண்களும் எழுத்துகளும் கலந்த 16 இலக்க அடையாள எண் உண்டு. அட்டையோடு அதுவும் மாறிவிட்டது.

இங்கே இரண்டு பூட்டுகள் உண்டு. எந்தச் சர்வர் எந்தச் சேமிப்பகத்துடன் பேசலாம் என்பதைச் சுவிட்ச் முடிவுசெய்யும். இது ‘சோனிங்’. கொண்டோமினிய வாசலில் நிற்கும் காவலரைப் போல. எந்த வட்டை யாருக்குக் காட்டுவது என்பதைச் சேமிப்பகம் முடிவுசெய்யும். இது ‘மாஸ்கிங்’. நம் மாடிக்கு மட்டும் செல்லவிடும் மின்தூக்கி அட்டையைப் போல. இரண்டிலும் பழைய எண்தான் இருந்தது.

அண்ணன் அருகில் நிற்க, சோனிங்கில் புதிய எண்ணைச் சேர்த்தேன். வட்டு வரவில்லை. “எல்லாச் சர்வர்களுக்கும் திறந்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“இப்போது தரவு பத்திரமாக இருக்கிறது. நீ அப்படித் திறந்துவிட்டால்தான் ஆபத்து,” என்றார். பகிர்ந்து எழுதுவதற்கான ஏற்பாடு இல்லாமல் இரண்டு சர்வர்கள் ஒரே வட்டில் எழுதினால், ஒன்று எழுதியதை மற்றொன்று அழித்துவிடும்.

பிறகு மாஸ்கிங்கையும் திருத்தி, வட்டுகளை மீண்டும் தேடும்படி சர்வருக்குக் கட்டளையிட்டோம். அனைத்தும் வந்துவிட்டன.

அன்று எதுவும் உடைந்திருக்கவில்லை. பூட்டுகள் தம் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தன. இப்போதெல்லாம் ‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்தால் நான் அவசரப்பட்டு எதையும் திறந்துவிடுவதில்லை. எந்தக் கதவு, அது என்னை எந்தப் பெயரில் அறிந்திருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன்.