சோலார் இருக்கட்டும், மின் இணைப்பு யார் பெயரில்?

கிராமங்களில் திரும்பத் திரும்ப இதுதான் நடக்கிறது. ஏஜென்ட் ஒருவர் வருகிறார். “மாடியில் சோலார் போட்டால் அரசாங்கம் 78,000 ரூபாய் தருகிறது” என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போகிறார். விண்ணப்பிக்கும்போதுதான், மின் இணைப்பு என்றோ இறந்துபோன தாத்தா பெயரில் இருப்பது தெரிகிறது. அதன்பிறகு ஏஜென்ட் போனை எடுப்பதில்லை.

2024 பிப்ரவரியில் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அது இணைப்புதாரரின் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஏஜென்ட் கைக்கு வராது.

எனவே முதல் வேலை பெயர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உங்கள் பெயரிலுள்ள வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் போன்றவை கேட்கப்படும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். தாமதமாவது பெரும்பாலும் இங்கேதான். அண்ணன் தம்பி சண்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். பெயர் மாற்றத்தை மின்வாரிய இணையதளத்திலேயே பதியுங்கள். பிரிவு அலுவலகத்தில் தாளை நீட்டிவிட்டு, “அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலோடு திரும்பாதீர்கள். விண்ணப்ப எண் கையில் இல்லையென்றால் நீங்கள் விண்ணப்பிக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

பெயர் மாறிய பிறகு, திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவான நிறுவனத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். இந்தியாவில் தயாரான செல் கொண்ட பேனல்தானா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டுப் பேனல் மலிவு என்பார்கள். அதற்கு மானியம் கிடையாது. மறுபடியும் சொல்கிறேன், மானியத்தை வாங்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள்.

கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று நம்பிப் போடுபவர்கள் ஏராளம். பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியர் உயிர் போகும். விற்பவர் இதைச் சொல்லமாட்டார், கேளுங்கள்.

இருவழி மீட்டர் பொருத்தும்வரை சுவிட்சைப் போடாதீர்கள். பழைய மீட்டர்கள் சில, நீங்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்தையும் உங்கள் செலவாகவே கணக்கிடும். மீட்டர் வந்து, ஆய்வு முடிந்தால்தான் மானியமும் நகரும். மீட்டர் இழுத்தடிக்கப்பட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசையவில்லையா? மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் இயங்கும் மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். அதன் உத்தரவும் திருப்தி தராவிட்டால் சென்னையில் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது அந்த விண்ணப்ப எண்ணையும் புகார் எண்ணையும்தான்.